ஸாண்ட்ரா ஷ்மர்லரும் மூன்று தோழியரும்

கனடா தேசத்தின் மேற்குச் சமவெளியில், கோதுமை வயல்களின் நடுவே ரயில் பாதையை அண்டி வளர்ந்த பிகர் என்னும் சிற்றூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி பிறந்து, 36 வயதே நிறைந்திருந்த நிலையில் 2000ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி ரெஜைனா நகரில் காலமான ஸாண்ட்ரா ஷ்மர்லரின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அதன் கடைசி அத்தியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே முதல் அத்தியாயத்தை எழுதுகிறார்கள். இளம் வயதில் நேர்ந்த மரணம், அதற்கு முன் நடந்தவை எல்லாவற்றின் மீதும் தன் நிழலை விழச் செய்துவிடுகிறது. ஜயங்கள் யாவும் சோகத்துக்கு முன்னுரை போலத் தோன்றத் தொடங்குகின்றன. இப்படிப் படிப்பது அந்தப் பெண்மணிக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் அபிப்பிராயம். மூன்று முறை கனடாவின் தேசியப் பட்டம், மூன்று முறை உலகப் பட்டம், மகளிர் கர்லிங் ஆட்டத்துக்கு ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக வழங்கப்பட்ட தங்கப் பதக்கம் ஆகிய இத்தனையையும் அவர் அதே மூன்று தோழியரோடு, அணியின் வரிசைகூட மாறாமல் பெற்றார் என்பதே அவருடைய வாழ்க்கையின் மைய விஷயம். அந்த நால்வர் எப்படிச் சேர்ந்தார்கள், எப்படி ஆடினார்கள், அவர்களைப் போன்றவர்களை அந்தச் சமவெளி எப்படி உருவாக்கிற்று என்று விசாரித்தால்தான் ஷ்மர்லர் நமக்கு விளங்குவார்.

ஆட்டத்தின் இலக்கணத்தை முதலில் சிறிது சொல்லவேண்டும். ஏறக்குறைய 45 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய பனித்தளத்தின் ஒரு கோடியிலிருந்து, கைப்பிடி பொருத்திய கருங்கல் ஒன்றைச் சறுக்கிவிட்டு, மறுகோடியில் வரையப்பட்டிருக்கும் 12 அடி விட்டமுள்ள வட்டத்தின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு அருகில் நிறுத்த முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்துவதே கர்லிங். கல்லின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம் வரை இருக்கும். உயர்ந்த ரகக் கற்கள் ஸ்காட்லாந்துக் கடலில் நிற்கும் எய்ல்ஸா க்ரெய்க் என்ற பாறைத் தீவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. பனித்தளம் கண்ணாடி போல வழவழப்பாக இருப்பதில்லை. ஆட்டத்துக்கு முன் அதன் மேல் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுவதால் தளம் முழுவதும் சிறு சிறு பருக்கள் பரவி நிற்கின்றன. அவற்றின் முகட்டிலேதான் கல் ஓடுகிறது. விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பினால் கல் சுழன்றுகொண்டே சென்று, வேகம் தளரத் தளரச் சுழற்சியின் பக்கமாக வளைகிறது. அவ்வாறு ஏன் வளைகிறது என்பதைப் பற்றிப் பௌதிக சாஸ்திரிகள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடுகிறவர்களோ அந்தத் தர்க்கத்தின் முடிவுக்காகக் காத்திராமல் தலைமுறை தலைமுறையாக அந்த வளைவைத் துல்லியமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

ஓர் அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கற்கள். இரு அணிகளும் மாறி மாறிப் பதினாறு கற்களையும் விட்டு முடித்தால் ஒரு சுற்று. பெரும் போட்டிகளில் பத்துச் சுற்றுகள். ஸ்கிப் என்று வழங்கப்படும் தலைவி, வட்டத்தின் அருகே நின்று துடைப்பத்தை ஊன்றிக் குறி காட்டுவாள். கல் புறப்பட்ட பின் இருவர் அதன் முன்னே பனியைத் துரிதமாகத் தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். தேய்த்தால் பனி சற்றே சூடேறி உராய்வு குறைய, கல் நெடுந்தூரம் செல்லும், வளைவும் குறையும்; ஆகவே ஒருத்தி விட்ட கல் எங்கே நிற்கும் என்பதை அவள் கை மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. வேகத்தைக் கணிப்பது தேய்ப்பவர்களின் பொறுப்பு, திசையைக் கணிப்பது குறி காட்டுபவளின் பொறுப்பு. தலைவி தன்னுடைய இரு கற்களை, அதாவது சுற்றின் விதியை முடிவு செய்யும் கடைசிக் கற்களை, விட வரும்போது குறி காட்டும் ஸ்தானத்தில் மூன்றாம் ஆட்டக்காரி போய் நிற்கிறாள். தலைவியின் புகழ்பெற்ற ஒவ்வொரு கல்லும் இன்னொருத்தி ஊன்றிய துடைப்பத்தை நம்பி விடப்பட்டதே. ஷ்மர்லரைப் பொறுத்தவரையில் அந்த இன்னொருத்தி, ஏறக்குறைய எப்போதும், ஜேன் பெட்கர்.

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த இந்த ஆட்டத்துக்கு 1807லேயே மான்ட்ரியால் நகரில் கிளப் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அது வேரோடி மரமானது மேற்குச் சமவெளியில்தான். அறுவடை முடிந்து நிலம் உறைந்துபோனால், உழவர்களுக்கு ஐந்து மாதம் வயலில் வேலை இல்லை. குளிரோ தாராளமாகக் கிடைத்தது. ஒரு நீண்ட கொட்டகையைக் கட்டித் தரையில் தண்ணீரைப் பாய்ச்சிக் கதவைத் திறந்துவைத்தால் பனித்தளம் தானே அமைந்துவிடும். சஸ்காச்சுவான் மாகாணத்தின் சின்னஞ்சிறு ஊர்களில்கூடத் தேவாலயம், தானியக் களஞ்சியம் இவற்றோடு ஒரு கர்லிங் கொட்டகையும் இருந்தது. ஆண், பெண், முதியவர், சிறுவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஆடினார்கள். உடல் வலிமையைக் காட்டிலும் கணிப்புக்கும் நிதானத்துக்கும் இடங்கொடுத்த ஆட்டமாகையால் அது சாத்தியமாயிற்று. 1961ல் மகளிருக்கான தேசியப் போட்டி முதன்முதலாக நடந்தபோது சஸ்காட்டூனைச் சேர்ந்த ஜாய்ஸ் மக்கீயின் அணி ஜயித்தது. 1971 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வீரா பெஸரின் தலைமையில் அதே மாகாணம் பட்டத்தை வைத்திருந்தது. 1980ல் ரெஜைனாவின் மார்ஜ் மிட்செல் உலகப் பட்டம் வென்ற முதல் கனடியத் தலைவியானார். அந்த மிட்செல் மூன்றே ஆண்டுகளில் புற்றுநோயால் இறந்தார் என்பதையும், பின்னாளில் அதே நகரில் நடக்கவிருந்ததை அறிந்தவர்கள், நினைக்காமல் இருக்க முடியாது.

பிகரில் ஷ்மர்லர் பள்ளிக்கூட அணியில் ஆடத் தொடங்கியதும், பிறகு சஸ்காட்டூனிலுள்ள பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயின்றதும், பட்டம் பெற்று ரெஜைனாவுக்கு வந்து நகராட்சியின் பொழுதுபோக்கு நிலையம் ஒன்றில் வேலைக்கமர்ந்ததும் அந்தப் பிரதேசத்து இளம்பெண்கள் ஆயிரம் பேருக்கு நேரக்கூடிய சாதாரண சம்பவங்களே. ரெஜைனாவில் காலிடோனியன் கர்லிங் கிளப்பில் சேர்ந்தார். கேத்தி ஃபால்மன் என்பவரின் தலைமையில் மூன்றாம் ஆட்டக்காரியாக 1987ல் தேசியப் போட்டிக்குச் சென்றார். அதே அணியில் ஜேன் பெட்கரும் இருந்தார். பிறருடைய தலைமையின்கீழ்க் கழிந்த அந்தச் சில வருஷங்களைச் சரித்திரக்காரர்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பின்னாளில் அவர் நடத்திய தலைமையின் தன்மை அங்கேதான் உருவாயிற்று என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. மூன்றாம் ஸ்தானத்தில் இருப்பவள் தலைவியின் யோசனைகளை அருகிருந்து கேட்கிறாள், மறுக்கிறாள், சமயத்தில் தலைவிக்கே குறி காட்டுகிறாள். அந்தப் பழக்கத்தோடு தலைமைக்கு வந்தவர், பக்கத்தில் நின்று பேசும் ஒரு குரலின் மதிப்பை அறியாமல் இருப்பாரா?

அந்த அணி கலைந்தபின், 1990ல், ஷ்மர்லரும் பெட்கரும் புதிய அணி ஒன்றைக் கூட்டினார்கள். ஷ்மர்லர் தலைவி, பெட்கர் மூன்றாமவர், இரண்டாம் ஸ்தானத்துக்குப் பள்ளி ஆசிரியையான ஜோன் மக்கஸ்கர், முதற்கற்களை விடுவதற்குக் கணினித் துறையில் பணியாற்றிய மார்ஷியா குடெரைட். நால்வரும் சம்பளத்துக்கு உழைத்தவர்கள். பயிற்சி என்பது அலுவல் முடிந்த மாலை வேளைகளில், போட்டி என்பது வார இறுதிகளில், நீண்ட பிரயாணம் என்பது சேர்த்துவைத்த விடுமுறையில். முதல் பருவத்திலேயே, 1991ல், மாகாணப் பட்டத்தைப் பெற்றார்கள், தேசம் வசப்படவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1993ல், மனிடோபாவிலுள்ள பிராண்டன் நகரில் நடந்த தேசியப் போட்டியில் ஜயித்து ஜெனீவாவுக்குப் போனார்கள். அங்கே இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை வென்றார்கள். அடுத்த ஆண்டில் தேசியப் பட்டத்தைக் காத்துக்கொண்டு, ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் ஸ்காட்லாந்தை வென்று உலகப் பட்டத்தையும் காத்துக்கொண்டார்கள். கனடிய அணி ஒன்று அடுத்தடுத்து இரு வருஷங்கள் மகளிர் உலகப் பட்டத்தைப் பெறுவது அதுவே முதல் தடவை.

அதற்குப் பின் வந்த இரண்டு பருவங்களில் பட்டம் எதுவும் இல்லை. வேலை, விவாகம், பிரசவம், குழந்தை வளர்ப்பு ஆகிய இவையெல்லாம் ஒரு பெண் விளையாட்டை விட்டு விலகுவதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுவது உலக வழக்கம். இந்த நால்வர் விலகவுமில்லை, ஒருத்திக்குப் பதிலாக வலிமையுள்ள வேறொருத்தியைத் தேடவுமில்லை; அந்த வருஷங்களைக் கடந்து நின்றார்கள். தோல்வி நேர்ந்தவுடன் அணியைக் கலைத்துப் புதிதாகக் கூட்டுவது கர்லிங் உலகத்தில் சர்வசாதாரணம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும். 1997ல் வான்கூவரில் மூன்றாம் முறையாகத் தேசியப் பட்டமும், ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் நார்வேயின் டோர்டி நோர்ட்பியின் அணியை வென்று மூன்றாம் உலகப் பட்டமும் கிடைத்தன. பெர்னில் ஆடியபோது ஷ்மர்லர் கர்ப்பிணி. அவருடைய முதல் மகள் அந்த ஆண்டு செப்டம்பரில் பிறந்தாள். ஒலிம்பிக்ஸுக்குக் கனடாவின் அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியோ நவம்பரில்!

அந்தத் தேர்வுப் போட்டியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். கர்லிங்கை அங்கீகரிக்கப்பட்ட பதக்க ஆட்டமாகச் சேர்த்துக்கொள்ளச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1992ல் இசைந்ததன் பயனாக, 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோவில் நடக்கவிருந்த விளையாட்டுகளில் மகளிர் கர்லிங்குக்கு முதன்முதலாகப் பதக்கம் வழங்க ஏற்பாடாகியிருந்தது. உலகப் பட்டம் பெற்ற அணி என்பதற்காகக் கனடா எவரையும் நேரே அனுப்பிவிடவில்லை. நாட்டின் சிறந்த அணிகளை ஒன்றாகக் கூட்டி ஆடவைத்து, அதில் முதல் வந்தவர்களையே அனுப்பிற்று. பிரசவித்துச் சில வாரங்களே ஆன தலைவியோடு, 1993ல் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்ற அதே பிராண்டன் நகரத்துக்கு ஷ்மர்லர் அணி வந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் கால்கரியின் ஷானன் க்ளைப்ரிங்க்.

ஏழாம் சுற்று வந்தபோதும் ஆட்டம் எந்தப் பக்கமும் தீர்மானமாகச் சாயவில்லை. அந்தச் சுற்றில் ஷ்மர்லரின் கடைசிக் கல் பாக்கி. வட்டத்தின் நடுவில் எதிரணியின் கல் ஒன்று நல்ல மறைவில் அமர்ந்திருந்தது. நேர்வழியில் அதை அணுக இடமில்லை. வட்டத்தின் ஓரத்தில், பக்கவாட்டில் விலகி வேறொரு கல் கிடந்தது. காரம்போர்டில் கைதேர்ந்தவர்கள் ஒரு காயின் விளிம்பில் ஸ்ட்ரைக்கரை மோதித் திசை திருப்பி, மறைந்திருக்கும் மற்றொரு காயை அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வித்தையை 45 மீட்டர் நீளமுள்ள தளத்தில், இருபது கிலோகிராம் கல்லைக் கொண்டு, வழியிலேயே வளையும் பாதையில், மறுமுறை என்பதில்லாத சந்தர்ப்பத்தில் செய்யவேண்டும். ஓரத்துக் கல்லின் மேல் ஷ்மர்லருடைய கல் விரலகலம் கூடப் பட்டாலும் குறையப் பட்டாலும் கோணம் கெட்டுவிடும். வேகம் தளர்ந்தால் மோதிய பின் குறுக்கே பயணம் செய்யச் சக்தி இராது. வேகம் மிஞ்சினால் வளைவு போதாது, மோத வேண்டிய இடத்திலேயே மோதாது. இவ்வளவையும் யோசித்துச் சொல்ல வேண்டிய தலைவி தளத்தின் மறுகோடிக்கு நடந்துபோய்விட, துடைப்பத்தை ஊன்றிக் காத்திருந்தவர் பெட்கர். கல்லின் இருபுறமும் ஓடத் தயாராக நின்றவர்கள் மக்கஸ்கரும் குடெரைட்டும்.

கல் சென்றது, ஓரத்துக் கல்லை மோதியது, திசை திரும்பி வட்டத்துக்குள் குறுக்கே பாய்ந்து க்ளைப்ரிங்கின் கல்லை வெளியேற்றியது. ஷ்மர்லர் அணிக்கு மூன்று புள்ளிகள். மீதிச் சுற்றுகளிலும் ஆடவேண்டியிருந்தது என்றாலும், ஆட்டத்தின் போக்கு அங்கேயே முடிவாயிற்று. 9–6 என்ற கணக்கில் அவர்கள் ஜப்பானுக்குச் செல்லும் உரிமையைப் பெற்றார்கள். கனடாவின் கர்லிங் ரசிகர்கள் இன்றும் அந்தக் கல்லை, ஆண்டும் போட்டியும் சொல்லாமலே, ஷ்மர்லரின் கல் என்று குறிப்பிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். நாகானோவின் தங்கத்தைக் காட்டிலும் பிராண்டனின் அந்த ஒரு கல்லையே அவருடைய வாழ்க்கையின் சிகரமாக நான் மதிக்கிறேன். கனடாவுக்குள் ஜயிப்பது உலகத்தை ஜயிப்பதைவிடக் கடினமாக இருந்த காலம் அது என்பது ஒரு காரணம். மற்றொன்று, அந்தக் கல்லைத் துணிவு என்ற ஒரே சொல்லால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பது. ஏழு வருஷம் ஒன்றாக ஆடிய நால்வருக்கு, யார் எவ்வளவு வேகத்தில் விடுவாள், அவளுடைய கை எங்கே சற்று விலகும், எப்போது தேய்க்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த அறிவு இல்லாத அணியில் எத்தனை துணிவு இருந்தாலும் அந்தக் கல்லை விடும்படி சொல்வது விவேகமாகாது.

ஒலிம்பிக்ஸின் கர்லிங் ஆட்டங்கள் நாகானோ நகரில் நடைபெறவில்லை. கருயிஸாவா என்ற மலை வாசஸ்தலத்தில் நடந்தன. 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸின் குதிரையேற்றப் போட்டிகளில் ஒரு பகுதி நடந்ததும் அதே ஊரில்தான். கோடைக்கால ஒலிம்பிக்ஸுக்கும் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கும் இடங்கொடுத்த முதல் ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. முதற்கட்டத்தில் ஏழு ஆட்டங்களில் ஆறை ஜயித்த கனடா, அரையிறுதியில் பிரிட்டனிடம் மிகவும் சிரமப்பட்டது. பத்துச் சுற்றுகள் முடிந்தும் சமநிலை. பதினொன்றாம் சுற்றில்தான் 6–5 என்று முடிவு தெரிந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஹெலெனா ப்ளாக் லாவர்ஸனின் டென்மார்க் அணியை 7–5 என்று வென்றார்கள். தோற்ற டென்மார்க்குக்கும் அது சரித்திரமே: குளிர்கால ஒலிம்பிக்ஸில் அந்தத் தேசம் பெற்ற முதல் பதக்கம் அந்த வெள்ளி. மாற்று ஆட்டக்காரியாக உடன் சென்ற அட்டினா ஃபோர்டும், பயிற்சியாளராகிய அவருடைய தாயார் அனிட்டா ஃபோர்டும் அந்த ஜயத்தில் பங்குடையவர்கள். இந்தப் பரிவாரத்தில் விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் எவருமில்லை. திரும்பி வந்த சில நாட்களுக்குள்ளாகவே தங்கள் சொந்த நகரமான ரெஜைனாவில் நடந்த தேசியப் போட்டியில் இறங்கிய அந்த அணிக்குப் பட்டம் கிட்டவில்லை. களைத்திருந்தார்கள் என்பதில் வியப்பென்ன?

1999 ஜூனில் ஷ்மர்லருக்கு இரண்டாம் மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் வந்த உபாதைகள் சாதாரணமானவை அல்ல என்று சில வாரங்களில் தெரிந்தது. புற்றுநோய், அதுவும் பரவிய நிலையில். சிகிச்சைக்கு நடுவிலே, 2000 பிப்ரவரியில், மான்க்டன் நகரில் நடந்த இளைஞர் தேசியப் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராகச் சென்றவர், அங்கே பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தம் நோயைப் பற்றித் தாமே பேசினார். அடுத்த மாதத் தொடக்கத்தில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கு தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதே மாகாணத்தின் சஸ்காட்டூனில் ஆடவர் தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்ததால், அங்கே அரங்கத்தில் கூடியிருந்தவர்கள் அதைக் காணும்பொருட்டு ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மந்திரிகளுக்கும் பிரபுக்களுக்கும் செய்யும் மரியாதையை ஒரு நகராட்சி ஊழியருக்குத் தேசம் செய்தது என்று சிலர் வியந்தார்கள். வியக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். துடைப்பமும் கையுமாகக் கொட்டகைக்குப் போய், ஆட்டம் முடிந்தபின் எதிரணியோடு ஒரே மேஜையில் அமர்ந்து பேசிவிட்டு, மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற லட்சக்கணக்கான மனிதர்கள் ஷ்மர்லரைத் தம்மில் ஒருத்தியாகவே அறிந்திருந்தார்கள். உலகப் பட்டங்கள் அவரை அந்த மேஜையிலிருந்து எழுப்பி வேறிடத்தில் உட்காரவைக்கவில்லை.

அவர் பணியாற்றிய ரெஜைனா நகரின் பொழுதுபோக்கு நிலையங்களில் ஒன்று இப்போது அவர் பெயரால் வழங்குகிறது; பிகரில் அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு. 2001ல் தொடங்கப்பட்ட ஸாண்ட்ரா ஷ்மர்லர் அறக்கட்டளை, குறைமாதத்திலோ நோயோடோ பிறக்கும் சிசுக்களைக் காப்பாற்றும் கருவிகளை ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிக் கொடுத்துவருகிறது. தோழியர் மூவரும் அதற்காக உழைத்தார்கள். பெட்கர் தலைவியின் ஸ்தானத்தை ஏற்று ஆடினார், மக்கஸ்கர் வர்ணனையாளரானார். ஆனாலும் அந்த அணியின் உயரத்தை அளக்க இந்த நினைவுச் சின்னங்களைவிடப் பின்வந்த ஒலிம்பிக் கணக்கே தக்க அளவுகோல். 2002ல் கெல்லி லாவின் கனடிய அணிக்கு வெண்கலம். 2006ல் துரினுக்குச் சென்றது வேறு யாருமல்ல, பிராண்டனில் அந்தக் கல்லுக்குத் தோற்ற ஷானன் க்ளைப்ரிங்க். எட்டு வருஷம் காத்திருந்து தேர்வுப் போட்டியை வென்ற அவர், பெர்னில் ஷ்மர்லர் வென்ற அதே டோர்டி நோர்ட்பியின் அணியைத் தோற்கடித்து வெண்கலத்தோடு திரும்பினார். 2010ல் சொந்த மண்ணாகிய வான்கூவரில் ஷெரில் பெர்னார்டுக்கு இறுதி ஆட்டத்தில் தோல்வி, வெள்ளி. ஒவ்வொரு முறையும் கனடாவின் தேர்ந்த அணியே போயிற்று. தங்கம் மாத்திரம் வரவில்லை. 2014ல் சோச்சியில் ஜெனிஃபர் ஜோன்ஸின் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஜயித்த அன்றுதான், கருயிஸாவாவுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, கனடாவின் மகளிர் இரண்டாம் தங்கத்தைக் கண்டார்கள்.